போலந்து மக்களும் அவர்தம் திருநாட்களும்

சென்ற பொங்கலன்று விடியற்காலையில், பானை பொங்குமுன்பே பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற என் இளைய மகன், “அப்பா, காலண்டரில் இன்று கறுப்பு எழுத்துத்தானே? அப்படியானால் இது எப்படிப் பண்டிகை ஆகும்?” என்று கேட்டான். ஆபீசில் ஹாஜர் புத்தகத்தில் விடுமுறை நாட்களைக் குறித்து வைக்கும் குமாஸ்தாவாகிய எனக்கே உடனே விடை தோன்றவில்லை. பின்னர்ப் போலந்து நாட்டின் சரித்திரத்தைப் படித்தபோது விடை கிடைத்தது. அதனைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1791-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், வார்ஸா நகரில் கூடிய போலந்துப் பாராளுமன்றம் ஓர் அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்தில் வகுக்கப்பட்ட நவீன அரசியல் சட்டங்களுள் ஐரோப்பாவில் முதலாவது அதுவே என்பர். உடனே அந்நாள் திருநாளாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அச்சட்டம் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நிலைத்தது. ரஷ்யப் படை உட்புகுந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய வல்லரசுகள் 1772, 1793, 1795 என மும்முறை அந்நாட்டைக் கூறுபோட்டன. 123 ஆண்டுகள் உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ரஷ்யர் ஆண்ட பகுதியில் மே 3-ஐக் கொண்டாடுவது தடுக்கப்பட்டது. எனினும் மக்கள் அந்நாளை மறக்கவில்லை.

1918 நவம்பர் 11 அன்று பில்சுட்ஸ்கி வார்ஸாவில் படைத்தலைமையை ஏற்றார். நாடு மீண்டும் உயிர்பெற்றது. 1919-இல் மே 3 சட்டப்படி தேசிய விடுமுறையாயிற்று. 1937-இல் நவம்பர் 11-உம் அவ்வாறே ஆயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமைந்த பொதுவுடைமை ஆட்சி, காலண்டரிலும் கை வைத்தது. 1945-இல் நவம்பர் 11 நீக்கப்பட்டது. தன் ஆட்சி தொடங்கியதைக் குறிக்கும் ஜூலை 22 தேசிய விடுமுறையாக்கப்பட்டது. 1946-இல் கிராக்கோ நகர மாணவர்கள் மே 3-ஐக் கொண்டாட ஊர்வலம் சென்றபோது பலர் சிறைப்பட்டனர். 1951-இல் அந்நாளும் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 1960-இல் சமயத் திருநாட்களின் முறை வந்தது. மூன்று அரசர் திருநாளாகிய ஜனவரி 6-உம், மாதா விண்ணேற்புத் திருநாளாகிய ஆகஸ்டு 15-உம் வேலை நாட்களாயின.

மக்கள் யாது செய்தனர்? ஜனவரி 6-இல் மந்திரித்த சாக்குக் கட்டியால் வாசற்கதவில் மூவரசரின் பெயரெழுத்துக்களையும் ஆண்டையும் எழுதும் வழக்கத்தை விடவில்லை. நம்மவர் பழநிக்குப் பாதயாத்திரை போவதுபோல், வார்ஸாவிலிருந்து செஸ்டகோவா மாதா கோவிலுக்கு 1711 முதல் ஆகஸ்டு மாதத்தில் நடந்து செல்லும் வழக்கத்தையும் கைவிடவில்லை.

1989-இல் ஆகஸ்டு 15-உம் நவம்பர் 11-உம், 1990-இல் மே 3-உம் மீண்டும் விடுமுறைகளாயின. ஜனவரி 6, ஐம்பதாண்டு கழிந்து 2011-இல் திரும்பியது. ஜூலை 22-ஓ, 1990-இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, ஏனைய நாட்களைப் போன்ற ஒரு நாளாயிற்று. தொழிலாளர் தினமாகிய மே முதல் நாள் மட்டும் எல்லா மாறுதல்களுக்கும் தப்பி இன்றும் நிற்கிறது.

மற்றொரு வியப்பும் உண்டு. போலந்துக் குடும்பங்களுக்கு ஆண்டின் தலையாய விருந்து டிசம்பர் 24-ஆம் நாள் இரவில்தான். வானில் முதல் விண்மீன் தோன்றியதும், மெல்லிய அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துவர். பன்னிரண்டு வகை உணவு படைப்பர். எதிர்பாராமல் வரும் விருந்தினர்க்கென ஓர் இடத்தைக் காலியாக வைப்பர். இத்தகைய நாள் சட்டப்படி விடுமுறையானது 2025-இல்தான்! அதுவரை காலண்டரில் அது வேலை நாளே.

இம்மக்களுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும், 1943 முதல் 1948 வரை நம் நாட்டில் கோல்ஹாப்பூருக்கு அருகில் வலிவடே என்னுமிடத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். நாடு போர்த்தீயில் கிடக்க, தம் மொழியில் பள்ளிகளும் தமக்கென மாதா கோவிலும் அமைத்துப் பிள்ளைகளை வளர்த்தனர். பனி பெய்யாத நம் மார்கழியிலும் அந்த முதல் விண்மீனுக்காகக் காத்திருந்தனர்.

சர்க்கார் கொடுப்பது விடுமுறை; திருநாளைக் கொடுப்பது வீடு. ஆகவே என் மகனுக்கு இப்போது விடை சொல்லிவிட்டேன்: “தம்பி, காலண்டரில் எந்த நிறமாயிருந்தாலும் இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு அரைமணி முன்னதாக எழுந்திரு. பானை பொங்குவதைப் பார்த்துவிட்டே பள்ளிக்குப் போகலாம்.”