பேரேட்டில் சாமிக்கும் ஒரு கணக்கு

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரின் பழைய பேரேடுகளில், கடன் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு நடுவே சாமிக்கும் பற்று வரவு உண்டு. பக்தி மிகுதியில் எழுதிவைத்த அலங்காரம் அல்ல, அசல் கணக்குதான். வியாபாரத்தில் தெய்வத்துக்கென்று ஒதுக்கிய பங்குக்கு மகமை என்று பெயர். அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டுப் புரட்டினால் வட்டியும் சாமி பெயரிலேயே ஏறும். சம்பாதித்தது முழுக்கத் தனக்கே சொந்தமில்லை என்ற நம்பிக்கையைச் செட்டியார்கள் உபதேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கணக்குப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று பழனியில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே உப்பு விற்கப் போன குமரப்பன் என்ற நகரத்தார், முருகனுக்கு மகமை ஒதுக்கி வியாபாரத்தை வளர்த்ததை அவர்களது பழைய ஆவணங்கள் சொல்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்துபோகும் நகரத்தாரின் வழக்கமும் இந்த வியாபாரத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான். பிறகு கொண்டுவிற்கப் போன ஊரிலெல்லாம் மகமையும் கூடவே போனது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலிலோ பூசை மட்டும் நடக்கவில்லை. செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்ததும் அங்கேதான்.

அந்த வட்டியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1930-வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போக, 1938-க்குள் அது சுமார் 25 விழுக்காடாக ஏறியது. நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று அவர்கள் திட்டமிட்டதாகச் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம், சேற்று வயல் அல்ல. ஆனாலும் ஒன்று தெரிகிறது. வந்த லாபத்தை எப்படிப் பங்கிடுவது என்று மகமைக்குக் கறாரான விதி இருந்தது; எப்படிப்பட்ட லாபம் வரலாம் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

விருதுநகர், சிவகாசி பக்கத்து நாடார்களிடம் இதே மகமை வேறு வேலை செய்தது. பேட்டைக்கு வந்திறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று அவர்களது சாதி அமைப்பான உறவின்முறை வசூலிக்கும். செட்டியார்களுக்கு மகமை கோயில் மரியாதையைக் கொண்டுவந்தது. நாடார்களுக்கோ பல கோயில்களில் நுழையவே அனுமதி இல்லை. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனதற்காக அவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை நீண்டது. 1908-இல் அங்கும் தோற்றார்கள். பெரிய கோயில் கதவு சாத்தியிருந்ததால் பொதுப்பணம் சொந்தக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பியது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வியாபாரிகளின் பணம் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசியும் போனது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. தர்மம் என்ற சொல்லுக்குச் செட்டிநாட்டை விட இங்கேதான் அழுத்தமான பொருள் கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

வட இந்தியச் சந்தைகளில் மகமைக்குத் தர்மாதா என்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் வருமான வரித்துறை இந்தப் பணத்தின்மீதும் கண்வைத்தது. வாடிக்கையாளரிடம் விலையோடு சேர்த்து வாங்குவதால் இதுவும் வியாபாரியின் வருமானம்தானே என்பது அதன் வாதம். பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற பஞ்சாலை, நூலுக்கும் பஞ்சுக்கும் போட்ட பில்லில் தர்மாதாவைத் தனியாகக் காட்டிவந்தது. அந்த வழக்கு 1970களின் இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது: கையில் வாங்கும்போதே அது தர்மத்துக்குரிய பணம், மில்லின் வருமானம் ஆகாது, வரி கிடையாது.