பல்லில்லா மைந்தரும் பரம்பரையும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது முதுமொழி. ஆயின், குறையற்ற பல்வரிசையுடைய அன்னையர்க்குப் பல் குறைந்த மைந்தர் பிறந்த குடும்பமொன்று சிந்து நாட்டிலே வாழ்ந்தது. பல்லுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோர் அதனை மறந்ததில்லை.

வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் அடையும் மாறுதல்களைப் பற்றித் தாம் இயற்றிய நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பிலே, சார்ள்ஸ் டார்வின் அக்குடும்பத்தைக் குறிப்பிட்டார். நான்கு தலைமுறைகளில் ஆடவர் பத்துப் பேருக்கு, இரு தாடைகளிலும் சேர்த்து, சிறிய வெட்டும்பற்கள் நான்கும் கடைவாய்ப்பற்கள் எட்டுமே இருந்தன. உடலில் மயிர் அரிது. இளமையிலேயே வழுக்கை விழும். கோடையிலே தோல் வறண்டு பெரிதும் வருந்துவர். புதல்வியர் எவரும் இக்குறைக்கு ஆளாகவில்லை. ஆயினும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு அது வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததாக ஒரு சான்றேனும் இல்லை.

இதன் காரணம் டார்வினுக்குப் புலப்படவில்லை. மெண்டலின் பரம்பரை விதிகள் 1866இல் அச்சேறியும், 1900 வரை உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1910இல் மோர்கன் பழ ஈக்களை ஆராய்ந்து, சில இயல்புகள் பாலை நிருணயிக்கும் நிறமூர்த்தத்தோடு பிணைந்து வருவதைக் காட்டினார். பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றையது பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணுக்கோ ஒன்றே, அதனையும் அவன் தாயிடமிருந்தே பெறுகின்றான். சிந்துக் குடும்பத்தின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

பழுதுற்ற பரம்பரையலகு 1996இல் கண்டறியப்பட்டது. கருவிலே பல்லும் மயிரும் வியர்வைச் சுரப்பியும் உருவாகத் தூண்டும் புரதத்தை ஆக்குவது அதுவே. ஆகவே, இக்குறை வாயோடு நிற்பதில்லை. வியர்க்க இயலாத குழந்தை வெப்பத்தாலும் காய்ச்சலாலும் உயிரிழத்தலும் கூடும். பல் முளைக்கத் தாமதித்தால் மட்டும் அஞ்ச வேண்டியதில்லை; ஆயின், மயிரும் வியர்வையும் உடன் குறைந்திருப்பின், மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், இப்புரதத்தைக் கருப்பையின் பனிநீரிலே செலுத்தினர். பிறந்த குழந்தைகளுக்கு வியர்வை சுரந்ததென 2018இல் அறிவித்தனர். தாய் மேல் பழி சுமத்த இதில் இடமில்லை. அவள் அளித்தது தான் அறியாமலே பெற்ற முதுசொம். அதனை அறிந்துகொள்ளுதலே பிள்ளையைக் காக்கும் முதற்படியாகும்.