நீலகண்டனின் கவலையும் நம் கவலையும்

யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய கதையையும், உழைத்த குருக்களின் பெருமையையும் எழுதுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் தகுதியுள்ளோர் எழுதியிருக்கிறார்கள். வீடு மந்திரிக்கப் போகும்போதும், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் நம் காதில் ஓயாமல் விழும் ஒரு கேள்வியை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை நிலைக்குமோ, நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ, மகளுக்கு வரன் அமையுமோ, அடகில் இருக்கும் நகை திரும்புமோ என்று பேச்சுத் தொடங்கும். "சாமி, ஜெபமாலை சொல்லாத நாளில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. எனக்கு விசுவாசம் இல்லையோ?" என்று முடியும்.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் 280 ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். உண்ண உடுக்கக் குறையில்லாத குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்தடுத்து நட்டங்கள் வந்தன. மாடுகள் மடிந்தன. பயிர் பொய்த்தது. மனிதர் முகம் வாடி அரண்மனைக்கு வந்து போனார். நம் பகுதி விவசாயிக்கு வருகிற அதே கவலைதான். பெரிய தத்துவ விசாரம் ஒன்றும் அதில் இல்லை.

அந்த வாட்டத்தைக் கண்டு விசாரித்தவர் தெ லனாய் என்னும் அந்நியர். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்ற டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர். கைதியாகப் பிடிபட்டுப் பின் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தவர். 'வலிய கப்பித்தான்' என்று ஊரார் அழைத்தது இவரையே. நீலகண்டனைவிட மூன்று வயது இளையவர். வென்றவனின் நாட்டில், பிறந்த மண்ணை இழந்து வாழ்ந்தவர். இழப்பைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அவர் நீலகண்டனுக்குச் சொன்னது யோபுவின் கதை. ஏழாயிரம் ஆடுகளும், மூவாயிரம் ஒட்டகங்களும், பத்துப் பிள்ளைகளும் இருந்து, அத்தனையையும் இழந்து சாம்பலில் அமர்ந்த மனிதரின் கதை. யோபு பொறுமைசாலி என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆகமத்தைத் திறந்து வாசித்தால் தெரியும், மூன்றாம் அதிகாரத்திலேயே அவர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். இறைவனோடு வழக்காடுகிறார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, உன் பாவமே காரணம் என்று உபதேசம் செய்யப் புறப்பட்டார்கள். முடிவில் ஆண்டவர் கடிந்துகொண்டது புலம்பிய யோபுவின் நண்பர்களையே.

நீலகண்டன் வடக்கன்குளம் சென்று, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமான தேவசகாயம் அவர் பெயராயிற்று. மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். அதன்பின் அவருக்குச் செல்வம் கொழித்தது என்று எந்த வரலாறும் சொல்லவில்லை. 1749 பிப்ரவரியில் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் தொலைக்காட்சி முன் அமர்ந்து மகிழ்ந்தோம். அப்புனிதரின் விசுவாசம், மாடு செத்த கவலையில் ஒருவர் அருகே வந்து பேசியதில் முளைத்தது என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தோமோ தெரியாது.

இதை எழுதும் நாமும் யோபுவின் நண்பர்கள் செய்த தவற்றைச் செய்தவர்களே. 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டியும் குறிஞ்சிப்பாடியும் சூழ்ந்த இந்தச் செம்மண் பூமியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த மரங்கள் ஓர் இரவில் போயின. மறு ஞாயிறு புத்தாண்டுத் திருநாள். அந்நாளில் வேறொரு பங்கில் இருந்த நாம், வானத்துப் பறவைகளைப் பற்றிய ஆண்டவரின் போதனையை எடுத்து, கவலைப்படுவது அவிசுவாசம் என்று நீளமாகப் பிரசங்கம் செய்தோம். பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "பறவைக்குக் கூடு கட்ட மரம் வேணும் சாமி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் தோப்பை நாம் அதுவரை போய்ப் பார்த்திருக்கவில்லை. அன்று மாலைதான் போனோம்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே கலங்கினார். வியர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுந்தது என்று புனித லூக்காஸ் எழுதுகிறார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தேவதாய்க்கு வியாகுல மாதா என்றே பெயர் வைத்தார்கள். வியாகுலம் என்றால் மனக்கலக்கம்தானே! அவர் நெஞ்சில் பாய்ந்த ஏழு வாள்களில் ஒன்று, காணாமற்போன பிள்ளையை மூன்று நாள் தேடிய தவிப்பு. பள்ளி விட்டு மகன் வரத் தாமதமானால் வாசலுக்கும் தெருவுக்கும் நடக்கும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படபடப்புக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவு இறங்காமல், காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது உடலின் நோயாகவும் இருக்கலாம். மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவென்று சொல்லுகிற பக்திமான்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பைபிள் வாசிக்கிறார்கள்.

தோப்பிழந்த அந்தப் பெரியவர் பேரனோடு சேர்ந்து மீண்டும் ஒட்டுக்கன்றுகள் நட்டார். அவை இன்று காய்க்கின்றன. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் காற்று கொஞ்சம் பலத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். எதிர்வீட்டு இந்துச் சகோதரர் தம் வீட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார். இருவரும் திண்ணையில் இருப்பார்கள். ஜெபமாலை ஒருவர் கையில் இருக்கும், வெற்றிலைப் பெட்டி இன்னொருவர் மடியில் இருக்கும். காற்று அடங்கும்வரை பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை என்று பேரன் நம்மிடம் சொன்னான்.