சிலியின் போர்: ஐந்து பேர் எடுத்த ஆவணப்படம்

'சிலியின் போர்' என்பது தென் அமெரிக்க நாடான சிலியில் அதிபர் சால்வடார் அலெண்டே அரசின் கடைசி மாதங்களைப் பதிவுசெய்த ஆவணப்படம். பத்ரீசியோ குஸ்மான் இயக்கிய இதன் மூன்று பாகங்கள் 1975, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. புரட்சிகளைப் பற்றிய ஆவணப்படங்களில் பல, எல்லாம் முடிந்த பிறகு பழைய காட்சிகளையும் நேர்காணல்களையும் தொகுத்து எடுக்கப்பட்டவை. இந்தப் படமோ முடிவு தெரியாமலே, நிகழ்வுகளின் நடுவில் நின்று எடுக்கப்பட்டது.

1970 தேர்தலில் வென்ற அலெண்டே, வாக்குச்சீட்டின் வழியே சோசலிசத்தைக் கொண்டுவர முயன்றார். செப்புச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அமெரிக்காவின் நிக்சன் அரசு கடன்களை முடக்கியது. எதிர்க்கட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இரகசியமாகப் பணம் கொடுத்தது. தட்டுப்பாடு நிலவிய நாட்டில் பிலிம் சுருளும் கிடைக்கவில்லை. குஸ்மான் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கருக்குக் கடிதம் எழுதினார். மார்க்கர் சுருள்களை அனுப்பிவைத்தார். அவற்றைக் கொண்டுதான் ஐந்து பேர் குழு 1973இல் வேலையைத் தொடங்கியது.

முதல் பாகத்தின் இறுதிக் காட்சி இக்குழு எடுத்ததன்று. 1973 ஜூன் 29 அன்று இராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றது. அதைப் படமெடுத்த அர்ஜென்டினா ஒளிப்பதிவாளர் லியோனார்டோ ஹென்ரிக்சனை நோக்கிப் படைவீரர்கள் சுட்டனர். தம் மரணத்தை அவரே பதிவுசெய்துவிட்டார். இரண்டாம் பாகத்தில், கொல்லப்பட்ட கடற்படை அதிகாரி ஒருவரின் இறுதிச் சடங்கு வருகிறது. கூடி நிற்கும் இராணுவ அதிகாரிகளின் முகங்களை ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லரின் கேமரா நிதானமாகக் கடந்து செல்கிறது. வர்ணனை அதிகம் தேவைப்படாத காட்சி.

செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதிபர் மாளிகை குண்டுவீச்சுக்கு உள்ளாகி, அலெண்டே அதனுள்ளேயே இறந்தார். குஸ்மான் சுமார் இரண்டு வாரங்கள் தேசிய விளையாட்டரங்கில் அடைத்துவைக்கப்பட்டார். மறைத்துவைக்கப்பட்ட சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் உதவியுடன் நாட்டைவிட்டு வெளியேறின. கியூபாவில் பெத்ரோ சஸ்கேல் படத்தொகுப்பைச் செய்தார். சிலியிலேயே இருந்த முல்லரை 1974 நவம்பரில் நடிகை கார்மென் புவெனோவுடன் இரகசியப் போலீசார் பிடித்துச் சென்றனர். இருவரும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில் சேர்ந்தனர். படம் முல்லருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

படம் நடுநிலையானதன்று, அது இடதுசாரிகளின் பக்கம் நிற்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பினரின் பேச்சை அவர்கள் வாயாலேயே கேட்க முடிகிறது. முதல் இரு பாகங்களே அதிகம் பேசப்படுகின்றன என்றாலும், சமூக வரலாறு படிப்போருக்கு மூன்றாம் பாகமே பெரும் பயன் தரும். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்தியபோது தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே நடத்தியதையும், ஒரு வட்டாரத்து ஆலைகள் கூட்டமைப்பாக இணைந்ததையும், குடியிருப்புகளில் மக்களே உணவுப் பொருள்களைப் பங்கிட்டதையும் அது விரிவாகச் சொல்கிறது. கூட்டங்களில் நடந்த சச்சரவுகளையும் அது மறைக்கவில்லை.

பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. அதன் பிறகு குஸ்மான் படத்துடன் நாடு திரும்பி, அதை இளம் மாணவர்களுக்குத் திரையிட்டார். அந்த அனுபவமே 1997இல் வெளியான 'சிலி, பிடிவாதமான நினைவு' என்னும் படத்தில் இடம்பெற்றது. இராணுவம் செய்தது சரியே என்று வாதிடும் மாணவர்கள் அதில் இருக்கிறார்கள். திரையிடல் முடிந்ததும் பேச முடியாமல் அழும் மாணவர்களும் இருக்கிறார்கள்.