அறுத்தவன் வைத்த பெயர்

ஆரணிப் பட்டுத் தறிகளுக்கு நடுவே, கலசப்பாக்கத்தில் இருந்துகொண்டு ‘துணி’ என்ற சொல்லை யோசித்தால் ஒன்று உறுத்துகிறது: அதில் நெசவே இல்லை. துணித்தது துணி. துண்டித்தது துண்டு. அறுத்தது அறுவை. சங்கப் புலவர் இளவேட்டனார் ‘மதுரை அறுவை வாணிகன்’, அதாவது ஜவுளிக்காரர். (இன்று அறுவை என்றால் ஆஸ்பத்திரி, அல்லது நம் கவியரங்கம்.) ‘கலிங்கம்’ ஒரு நாட்டின் பெயரைச் சுமக்கிறது, அதிலும் நெய்த கை இல்லை.

ஒரே பாவில் பல சேலைகள் தொடர்ந்து ஓடுகின்றன. நெய்கிறவனுக்கு அது பாவும் ஊடையும்தான். அறுத்து இறக்கியபின்தான் துணி, விலை பேசத்தக்க சரக்கு. இச்சொற்கள் தறிமேடையில் அல்ல, கடைத்திண்ணையில் பிறந்தவை என்றே நினைக்கிறேன். துணிதலுக்கு முடிவுசெய்தல் என்றும் பொருள் உண்டு. விலையை முடிவுசெய்தவனும் நெய்தவனல்லவே. நெசவாளர் கணக்கில் ‘துண்டு விழுகிறது’ என்று வங்கியில் நாங்கள் சொல்வதும் அதே சொல்லால்தான்.