டிக்கன்ஸின் திட்டத் தாள்கள்

மாதந்தோறும் 32 பக்கங்கொண்ட சிறு பகுதிகளாக நாவல்கள் வெளிவந்த காலத்திலே, அச்சேறி வாசகர் கையை அடைந்துவிட்ட பகுதியில் ஒரு சொல்லையேனும் திருத்த வழியில்லாதிருந்த நிலைமைதான், 1836-ல் ‘பிக்விக்’ கதையை ஏறக்குறைய மனம் போன போக்கில் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸை, பத்தாண்டு கழித்து ‘டோம்பியும் மகனும்’ எழுதப் புகுந்தபோது, ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே கிரமமாகத் திட்டம் வகுக்கும்படி செய்தது எனலாம்.

முறை வெகு எளிது. ஒரு தாளை இரு பாதியாகப் பிரித்து, வலப்புறத்தில் அத்தியாயத் தலைப்புகளையும் முக்கிய சம்பவங்களையும் குறித்துக்கொள்வார்; இடப்புறமோ அவர் தம்மோடு தாமே நடத்திய சம்வாதம். இன்ன பாத்திரம் இம்மாதம் வரலாமா என்று வினவி, அருகிலேயே ஆம், இல்லை, இப்போது வேண்டாம் என்று விடையும் எழுதிவிடுவார். ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் தெருக்கூட்டும் ஏழைச் சிறுவன் ஜோவின் மரணம், இவ்விதமே இரண்டொரு சொற்களில், ஈவிரக்கமின்றித் தீர்மானமாயிற்று. அதைப் படித்துக் கண்ணீர் உகுத்தவர்கள் இத்தாளைக் காணாதது நல்லதே!

தாள்களிற் பல இன்று லண்டனிலுள்ள விக்டோரியா-ஆல்பர்ட் அரும்பொருட்சாலையில் இருக்கின்றன. 1870 ஜூனில் ஆசிரியர் காலமானமையால், திட்டப்படி 12 பகுதிகளில் முடியவேண்டிய அவரது ‘எட்வின் ட்ரூட்’ நாவல் மட்டும் 6 பகுதிகளோடு நின்றுவிட்டது.