செஞ்சி மலையும் குண்டின் வளைவும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையுச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது. பின்பக்கத்தில் 7560 என்று எண் பொறித்திருக்கும். அனந்தபுரம் முதல் மேல்மலையனூர் வரை இந்த வட்டாரத்தில் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கின் குதிரையை அறியாதவர் இல்லை. இந்தக் குழாயை எப்படிக் குறிபார்த்தார்கள் என்று கேட்பவர்தான் குறைவு.

குறிபார்க்கக் கண்ணாடி கிடையாது. குழாயின் பின்பாகத்துக்கு அடியில் ஒரு மர ஆப்பு செருகியிருப்பார்கள். ஆப்பை உள்ளே தட்டினால் வாய் தாழும், வெளியே இழுத்தால் வாய் உயரும். எவ்வளவு தட்டுவது என்பது பீரங்கிக்காரரின் கைப்பழக்கம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து மலையடிவாரத்தைச் சுட வாயை வெகுவாகத் தாழ்த்தியாக வேண்டும். பீரங்கி வண்டி அதற்கு ஓரளவுக்கு மேல் இடம் தராது. அடிவாரத்தை ஒட்டி நின்றவர் தப்பினார், தூரத்தில் நின்றவர் அகப்பட்டார்.

கீழே இருந்தவர் பாடும் எளிதல்ல. 1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். சென்னைக் கோட்டை ஆங்கிலேயரிடம் வெடிமருந்து கேட்கும் நிலை தளபதிக்கு வந்தது. கோட்டை விழ 1698 ஆயிற்று. பஞ்சம், மராட்டியக் குதிரைப்படை, தளபதிகளுக்குள் இழுபறி என்று காரணங்கள் பல. அண்ணாந்து சுடும் குண்டு அந்தப் பாறைகளை அசைக்கவில்லை என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்களோ ஒரே இரவில் வென்றார்கள். வாசலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். மலைகளிலிருந்து குண்டும் வாணமும் பொழிந்தன. ஆனால் இருட்டில், குறி தெரியாமல்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள், கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் பெஞ்சமின் ராபின்ஸ் வந்து இறங்கியிருந்தார். கோட்டைகளைச் செப்பனிடக் கிழக்கிந்தியக் கம்பெனி அழைத்துவந்த பொறியாளர். குண்டின் பாதையைக் கணக்கில் பிடித்த மனிதர் நம் கரையில் வந்து இறங்கியதைச் செஞ்சிக் கதை சொல்பவர்கள் சேர்த்துச் சொல்லாதது பெரிய குறை. 1742இல் வெளிவந்த அவருடைய பீரங்கிக்கலை நூலைக் கணித மேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவுரையும் எழுதினார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டவர் ராபின்ஸ். வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

இன்னொரு சோதனை அதைவிட அழகு. துப்பாக்கிக் குழாயின் முனையை இடப்பக்கம் வளைத்து, எதிரே மெல்லிய திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போயிற்று. தூரம் போகப் போக வலப்பக்கம் திரும்பிற்று. வளைவில் உரசி உருண்ட குண்டு சுழன்றது, சுழற்சி அதைத் திருப்பியது. கட்டுப்பாடில்லாத சுழற்சி குறியைக் கெடுக்கும். குழாய்க்குள் திருகு வரி வெட்டி, பாயும் திசையையே அச்சாக்கிச் சுழலவிட்டால் குண்டு நேர்படும். இப்படி வரி வெட்டிய ரைஃபிளைத் தேர்ச்சியாகச் செய்யும் நாடு போரில் மேலோங்கும் என்று 1747இலேயே சொன்னார். 1751 ஜூலையில், 44 வயதில், செயின்ட் டேவிட் கோட்டையிலேயே காய்ச்சலில் இறந்தார்.

இன்று நெடுந்தூர இலக்குச் சுடுபவரின் ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள் உண்டு. மேலே இருப்பது குண்டு விழுவதற்கு ஈடுகட்ட, பக்கத்தில் இருப்பது காற்று தள்ளுவதற்கு ஈடுகட்ட. மில் என்பது கோண அளவு; 0.1 மில் அளவுள்ள குமிழை ஒரு ‘கிளிக்’ திருப்பினால் 100 மீட்டரில் குறி 1 சென்டிமீட்டர் நகரும், 400 மீட்டரில் 4 சென்டிமீட்டர். ஆப்பைத் தட்டிய கை செய்ததும் கோணத்தை மாற்றும் இதே வேலைதான். இப்போது அதற்கு எண் இருக்கிறது.

ராஜகிரிக்கு அந்த எண்களைப் போட்டுப் பார்க்கலாம். உச்சி 240 மீட்டர் உயரம், இலக்கு தரையில் 400 மீட்டர் தள்ளி இருந்தால் கண்ணுக்கு நேரான சாய்தூரம் ஏறக்குறைய 466 மீட்டர். 466க்குக் குமிழைத் திருப்பினால் குண்டு குறிக்கு மேலே போய்விடும். விழுவதைக் கணக்கிடத் தரைத்தூரமான 400ஐயே ஏறக்குறைய எடுத்துக்கொள்ள வேண்டும். மலையடியிலிருந்து உச்சியை நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குத்தான்.